கெர்னல் மாறிய மத்தியானம்

இல்லை என்கிறது. மறுபடி அதே கட்டளையைத் தட்டுகிறேன், மறுபடியும் இல்லை என்கிறது, அப்படி ஒரு சாதனமே இங்கே கிடையாது என்று கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சொல்கிறது, கோபப்படாமல், கவுண்டருக்கு உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் சொல்வார்களே அந்த மாதிரி. ஆனால் சாதனம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்று, சூடு பார்க்கும் சென்சார், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய், கறுப்பு ஒயரின் நுனியில் உப்புத் தண்ணீருக்குள் தொங்குகிறது, நானே கட்டித் தொங்கவிட்டது. காலையில் வேலை செய்தது. பல் தேய்த்துக்கொண்டே போனில் பார்த்தேன், எல்லாத் தொட்டியும் முப்பது டிகிரி, முப்பதரை, ஒரு குறையும் இல்லை, தூத்துக்குடியில் மழை ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது, வேம்பாரில் என் இறால் குஞ்சுகள் கதகதப்பாக இருந்தன. என் குஞ்சுகள் என்று சொல்லக்கூடாது, ஹேச்சரிக்காரர்களுடையது, சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும்தான் என்னுடையது. பிறகு இங்கே கரண்ட் போயிருக்கிறது, கூப்பிட்டார்கள், ஓடி வந்தேன். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது, எழும்போது புதுக் கெர்னலோடு எழுந்திருக்கிறது. போன வாரமே அது தானாக இறங்கி, ஓசை காட்டாமல் உள்ளே உட்கார்ந்து, பெட்டி ஒரு தடவை அணையட்டும் என்று காத்திருந்திருக்கிறது. நல்லவேளை, சூடு தெரியவில்லையென்றால் வெந்நீர்க் குழாயை எல்லாம் மூடிவிடு என்று எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை என்ன நல்லவேளை, மூடினால் தண்ணீர் குளிர்கிறது, மார்கழிக் காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடிக்கிறது, ஒவ்வொரு தொட்டிக்கும் ஓடி ஓடித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் கையால் வால்வைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், ஆள் போதவில்லை. தொட்டிகளுக்குக் காற்று ஊதும் புளோயர் சத்தம் சுவர் வழியாக என் பல்லுக்குள் வருகிறது. வாசலில் மேனேஜர் செண்பகராமன் நிற்கிறார், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, "வந்துட்டா மேடம்?" என்கிறார். இல்லை அண்ணாச்சி. "காலைல வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. யாரு எதை மாத்துனா?" யாரும் மாத்தலை, கெர்னல் மாறிட்டு. "கெர்னல்னா?" இந்த மனுஷருக்கு இப்போதா விளக்க வேண்டும். எல்லாத்துக்கும் அடியில இருந்து பெட்டியை நடத்துறவர் அண்ணாச்சி, சென்சார் பேசுறதை அவருக்குச் சொல்றதுக்கு நடுவில ஒரு ஆள் வேணும், அதுக்குப் பேரு டிரைவர், இப்ப மேல இருக்கிறவர் மாறிட்டாரு, பழைய டிரைவரை உள்ள விடமாட்டேங்கிறாரு. யோசிக்கிறார். "அப்ப டிரைவரை எழுதுனவரு கிளாட்வின் சாருலா? அவுகளக் கூப்பிட்டா ஆச்சே." அவன் பிசியா இருப்பான் அண்ணாச்சி, என்று சொல்லித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன், முதுகுக்குப் பின்னால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது தெரிந்தது, சொட்டுச் சத்தம்.

பிசியாக இருப்பான். தம்பி எந்த நேரத்தில் என்ன செய்வான் என்று எனக்கு இப்போது எப்படித் தெரியும். தவக்காலத்தில் அம்மாவை அடக்கம் செய்ததோடு நாங்கள் பேசுவதை நிறுத்தினோம், இப்போது கிறிஸ்மஸ் வரப்போகிறது. வேண்டாம், அதை யோசிக்க வேண்டாம், பழைய கெர்னலுக்குத் திரும்பிவிடலாம், அதுதான் முதல் வழி, எவனும் முதலில் அதைத்தான் செய்வான். பெட்டியை அணைத்துப் போட்டு, எழும்போது கெர்னல் பட்டியலைக் கொண்டுவந்து பார்க்கிறேன், புதியது ஒன்றுதான் இருக்கிறது. பழையது இல்லை. துடைத்துவிட்டிருக்கிறது. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பழையதை வைத்துக்கொள்ளாதே என்று போன வருஷம் நான்தான் அமைத்தேன், என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. திரும்ப இறக்கலாம் என்றால் இங்கே சிக்னல் ஒரு கோடு, அதுவும் ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்தால். இறங்குகிறது, நிற்கிறது, இறங்குகிறது, நிற்கிறது. சரி. டிரைவரைப் புதிதாகக் கட்டிவிடுவோம், அவன் எழுதிய மூல நிரல் இருக்கிறது, கட்டுவதற்கு ஒரு கட்டளை போதும். தட்டுகிறேன். பக்கம் பக்கமாகப் பிழை. சிவப்பில் ஓடுகிறது. முதல் பிழையைத் தேடி மேலே போகிறேன், கிளாட்வின் எழுதியது கண்ணில் விழுகிறது, எவனாவது இப்படிப் பெயர் வைப்பானா, மாறிக்கெல்லாம் மீன் பெயர், காரல், வாளை, சூடை, முதல் தொட்டியின் சூடு காரல், கூட்டுத்தொகை சூடை, எட்டு வருஷம் முன்னால் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினான், அம்மா அடுப்படியிலிருந்து என்னலே இது என்று கேட்க, உன் மீன்குழம்பை கம்ப்யூட்டர்ல போடுறேன் என்றான். எனக்கு அப்போதே எரிச்சல். வேறு ஒருவர் படிக்க வேண்டாமா என்று கேட்டேன். உன்னைத் தவிர யார் படிக்கப் போறா என்றான். அவன் சொன்னது சரியாகிவிட்டது, நான்தான் படிக்கிறேன், வாளை என்பது எத்தனையாவது தொட்டி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு. வெளியே யாரோ "அஞ்சாம் தொட்டி ஆறிட்டு, அஞ்சாம் தொட்டி ஆறிட்டு" என்று கூப்பிடுவது கேட்கிறது, ஓடும் காலடி. குஞ்சுகள் இந்தப் பருவத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, வெளிச்சத்தில் பீக்கரைத் தூக்கிப் பிடித்தால் கண்ணிமை முடியளவு ஒன்று துள்ளும், இரண்டு டிகிரி சட்டென்று மாறினால் போதும், துள்ளாது. ஒரு நம்பர். எல்லாம் ஒரு நம்பர்தான். அந்த ஐசியூ திரையிலும் நம்பர் நன்றாகத்தான் இருந்தது. பச்சையில் எண்பத்திரண்டு, நீலத்தில் தொண்ணூற்றெட்டு. வேண்டாம்.

வேண்டாம் என்றால் நிற்கிறதா. கிளாட்வின் அப்போது தைவானில் இருந்தான், ஏதோ கம்ப்யூட்டர் சில்லுத் தொழிற்சாலை வேலையாக ஒரு மாதம், வீடியோவில் அம்மாவைக் காட்டு என்றான், காட்டினேன், முகத்தைப் பார்க்கவில்லை, படுக்கைக்கு மேலே இருந்த திரையைக் காட்டச் சொன்னான், "நம்பரெல்லாம் நல்லாத்தானக்கா இருக்கு, பிறகு ஏன் இல்லைன்னு சொல்லுதாவ" என்றான். மூளையில் ரத்தம் பரவிவிட்டது, மூச்சு மெஷினுடையது, நீ பார்க்கிற நம்பர் மெஷின் போடுகிற நம்பர் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன். நாளைக்கு வந்துருவேன் என்றான். சிங்கப்பூர், சென்னை, அங்கிருந்து தூத்துக்குடி. நான் காத்திருக்கவில்லை. மெஷினை எடுத்துவிடச் சொல்லிச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று அவனும் கேட்டான், அத்தைமாரும் கேட்டார்கள், பாதர்கூட வேறு மாதிரி கேட்டார். ஏனென்றால் அது அம்மா இல்லை, அவ்வளவுதான், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான், அந்த ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவாக இருந்தது, மனுஷர் யாரும் அப்படி மூச்சு விடமாட்டார்கள், இன்னொரு ராத்திரி அதைப் பார்க்க என்னால் முடியாது. இப்போது கேட்டாலும் அதையே செய்வேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு, "ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா" என்றான். நீ வந்து என்ன செய்திருப்ப, ஸ்கிரீனைப் பாத்துட்டு நின்னிருப்ப, என்றேன். அதைச் சொன்னதற்கும் நான் வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் கோபம்தான் முதலில் வந்து நிற்கிறது. கையெழுத்துப் போட்டவள் நான், அவன் தூரத்திலிருந்து நல்லவனாக இருந்துகொண்டான். இதோ இந்தப் பிழை. இதுதான் முதல் பிழை, மற்றதெல்லாம் இதன் பின்னால் வருபவை. டிரைவர் வெளியே போகும்போது கூப்பிடப்படும் ஒரு சின்னச் செயல்கூறு, முன்பு அது முடிந்ததும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும், போய்விட்டேன், சரி, பூஜ்யம் என்று. புதுக் கெர்னல் எதுவும் திருப்பித் தரக்கூடாது என்கிறது. போவதென்றால் பேசாமல் போ. இதற்கா இத்தனை சிவப்பு. திருத்தினேன். மறுபடி கட்டினேன். இன்னும் இரண்டு இடம், அதையும் திருத்தினேன். பிழை இல்லாமல் முடிந்தபோது தோள் இறங்கியது, அதுவரை காதுவரை தூக்கி வைத்திருந்தேன் போலிருக்கிறது. டிரைவரை ஏற்றினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு வரிசையாக விழுந்தன, இருபத்தெட்டு, முப்பது, இருபத்தொன்பதரை, முப்பத்தொன்று, ஒரு தொட்டி விடாமல் எல்லாம். அவன் இல்லாமல். அதை வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் இல்லாமல் முடிச்சாச்சு. வாசலுக்கு வந்து, அண்ணாச்சி, வந்துட்டு, எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்ல போடுங்க, ஆளுகளைச் சாப்பிடப் போகச் சொல்லுங்க என்றேன், அவர் முகம் மலர்ந்தது, எனக்கு ஒரு டீ அனுப்பினார்.

சாப்பிடப் போன ஆட்கள் திரும்புவதற்குள் அவரே வந்தார். வேகமாக வரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "மேடம், கொஞ்சம் வாங்க" என்றார். ஏழாம் தொட்டி. விளிம்பில் கை வைத்தபோதே தெரிந்துவிட்டது, விளிம்பு சுட்டது. வெந்நீர்க் குழாய் முழுதாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. செண்பகராமன் அதை ஏற்கெனவே மூடப் போய்விட்டார். அடியில் வெள்ளையாக, அரிசி கழுவின தண்ணீரைத் தெளிய விட்டால் அடியில் படியுமே அப்படி, ஒரு படலம். காற்றுக் குமிழிகள் அதைக் கிளறி மேலே கொண்டுவந்தன, அது மறுபடி இறங்கியது, எதுவும் தானாக நகரவில்லை. எத்தனை லட்சம் என்று நான் கேட்கவில்லை. "திரையில ஏழு இருபத்தெட்டுன்னு காட்டுச்சு மேடம், அதான் நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார். அவர் சும்மா இருக்கவில்லை, நான் சாப்பிடப் போகச் சொன்னேன். எல்லாவற்றையும் கையால் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு ஏழாம் தொட்டியின் சென்சாரைத் தண்ணீரிலிருந்து உருவினேன், துடைத்துக் காற்றில் ஆறவிட்டேன், உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டு அறைக்குள் திரை தெரிகிற மாதிரி கதவோரம் ஒயரை இழுத்துக்கொண்டு நின்றேன். திரையில் ஏழு அசையவில்லை. பதினொன்று ஏறியது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டரை. என் கை பதினொன்றாம் நம்பராக இருந்தது. ஏழு என்று நான் பார்த்தது வேறு ஏதோ தொட்டி, அது குளிர்ந்து கிடந்தது, அதற்காக ஏழில் வெந்நீர் ஓடியிருக்கிறது. நம்பர் தப்பில்லை. நம்பர் எல்லாம் சுத்தமாகச் சரி, இடம்தான் வேறு. சரி, வரிசை மாறியிருக்கிறது, பதினொன்றை ஏழு என்று எழுதிக்கொண்டால் போகிறது என்று டிரைவரை இறக்கி ஏற்றினேன், மறுபடி கையை மூடினேன், இப்போது மூன்று ஏறியது. இன்னொரு தடவை. ஒன்பது. ஒவ்வொரு தடவையும் வேறு. சென்சாரை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். மீன் பெயர்களுக்கு நடுவே எங்கேயோ இந்த வரிசை தீர்மானமாகிறது, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும், நாளைக்குள் கண்டுபிடித்துவிடுவேன், மறுநாளைக்குள் நிச்சயம், அதற்குள் வெளியே அத்தனை பேரும் மழையில் தொட்டிக்குத் தொட்டி ஓடிக்கொண்டிருப்பார்கள், இன்னொரு தொட்டி வெள்ளையாகப் படியும். அவன் எடுக்காவிட்டால். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாவிட்டால். எடுத்து, இப்பத்தான் என் நினைப்பு வந்துச்சா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். என்ன சொல்லித் தொடங்குவது என்று இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்தேன், ஒவ்வொன்றும் என் குரலில் சண்டை மாதிரிக் கேட்டது. ஜன்னல் கம்பியிலிருந்து போனை எடுத்தேன்.

நீளமாக அடித்தது. எடுத்தான். பின்னால் பெங்களூர் ஆபீஸ் சத்தம், யாரோ சிரித்தார்கள், ஒரு கதவு மூடியது, சத்தம் நின்றது. "சொல்லுக்கா" என்றான். அவ்வளவுதான். தயார் செய்த வாக்கியங்கள் எதற்கும் இதில் இடமில்லை. கிளாட்வின், வேம்பார்ல கெர்னல் மாறிட்டு, உன் டிரைவரைக் கட்டி ஏத்திட்டேன், நம்பர் வருது, ஆனா வரிசை தடவைக்குத் தடவை மாறுது, ஒரு தொட்டி செத்துட்டு, என்றேன், மூச்சு விடாமல். "எந்தக் கெர்னல்?" சொன்னேன். "ம்" என்றான். கீபோர்டு தட்டும் சத்தம். "பெட்டிக்குள்ள வரலாமா? பழைய வழிதானே? மாத்தலையே நீ?" மாற்றவில்லை, அவனுக்கு நான் விட்டிருந்த கதவை அடைக்க வேண்டும் என்று பல தடவை நினைத்தேன், அடைக்கவில்லை. உள்ளே வந்தான், என் திரையில் அவன் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன, சிக்னல் போகிற வேகத்துக்கு விக்கி விக்கி. "வரிசையை நான் எழுதவே இல்லைக்கா. எது முதல்ல கண்ணுல படுதோ அது ஒன்னுன்னு விட்டுட்டேன். பழசு ஒவ்வொன்னாத் தேடும், அதனால எப்பவும் ஒரே வரிசைல கிடைச்சுது. புதுசு எல்லாத்தையும் ஒரே நேரத்துல தேடுது, எது முந்துதோ அது ஒன்னாம் நம்பர்." எட்டு வருஷமா அதிர்ஷ்டத்துலயா ஓடுச்சு? "ஆமா." அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு சென்சார் சில்லுக்குள்ளயும் செய்யும்போதே பதிச்ச ஒரு நம்பர் இருக்கு, அது மாறாது. அதைப் பிடிச்சு இன்ன தொட்டின்னு பூட்டணும். அதைக் காட்டுத மாதிரி இப்ப ஒரு வரி சேக்கேன். ஆனா எந்தத் தொட்டில எது தொங்குதுன்னு எனக்குத் தெரியாது. நீ ஒவ்வொன்னா வெளிய எடுத்துக் கையில பிடி. எது ஏறுதுன்னு நான் பாத்துச் சொல்லுதேன்." ஒயர் இல்லாத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போனைக் கம்பியிலேயே சாய்த்துவிட்டு வெளியே போனேன்.

முதல் தொட்டி. உருவித் துடைத்து மூடிக்கொண்டேன். தார்ப்பாய் இடுக்கில் மழை என் முதுகில் விழுந்தது. பெங்களூரிலிருந்து அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏறுது. இருபத்தேழு... முப்பது. ஆங், வந்துட்டு. போடு உள்ள." அடுத்தது. "வந்துட்டு." அடுத்தது. என் கை ஈரத்தில் குளிர்ந்துவிட்டதால் நேரமானது, "கையைத் துடைச்சுக்கோக்கா" என்றான், செண்பகராமன் தன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். ஏழாம் தொட்டியை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார், இல்லை, அதையும் பிடித்தேன், தொட்டியைக் கழுவி மறுபடி நிரப்பத்தானே போகிறார்கள். ஹெட்போனில் மூச்சுச் சத்தம் மட்டும், ஒன்றுபோல இல்லாத மூச்சு, ஜலதோஷம் பிடித்திருக்கிறது போல. இப்போது சொல்லிவிடுவான் என்று ஒவ்வொரு தொட்டிக்கும் காத்திருந்தேன், ஒரு ராத்திரி என்று ஆரம்பிப்பான், அதற்கு என்னிடம் மாதக்கணக்காகத் தீட்டி வைத்த பதில் இருந்தது, டாக்டர் சொன்னது, மெஷின் சொன்னது, நான் பார்த்தது. பத்தாம் தொட்டியில் சென்சாரைப் பிடித்தபடி நின்றபோது, "ஏறுது" என்றான். "அக்கா. அம்மா கை அன்னைக்குச் சூடா இருந்துச்சா?"

புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை, இதற்குப் பதில் தீட்டவில்லை. மெஷின் ஓடியவரைக்கும் சூடாகத்தான் இருக்கும், ரத்தம் ஓடும், அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னது நாக்குவரை வந்தது. அதைச் சொல்லவில்லை. ஊசி போட்டிருந்த கை சில்லுன்னு இருந்துச்சு, இந்தப் பக்கத்துக் கை சூடா இருந்துச்சு, என்றேன். நான் அதைத்தான் பிடிச்சிருந்தேன். மெஷின் குழாயை எடுத்த பிறகும் ரொம்ப நேரம் சூடு இருந்துச்சு. நர்ஸ் வந்து போதும்னு சொன்னா, அதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் விடலை. எல்லாரும் கையெழுத்தைப் பத்தித்தான் கேட்டாங்க, இதை யாரும் கேக்கலை. அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சினான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சலும் வரவில்லை, கால் மட்டும் வலித்தது, காலையிலிருந்து நிற்கிறேன். "இதையாவது போன்ல சொல்லிருக்கலாம்லாக்கா" என்றான். நீ கேட்டிருக்கலாம். "ஆமா" என்றான். பிறகு கீபோர்டைத் தட்டினான். "பத்து முடிஞ்சுது, முப்பத்திமூணு காட்டுது. அடுத்ததுக்குப் போ." அடுத்தது எது பெயரில் இருக்கு, காரலா வாளையா, என்று கேட்டேன். "அந்தப் பேரையெல்லாம் மாத்திரலாம்னு பாக்கேன்" என்றான். வேண்டாம், எனக்கு இப்பத்தான் பாடமாயிருக்கு, என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாம் தொட்டியின் ஒயரை இழுத்தேன்.